அக்கரைப் பேச்சு

காலை எட்டு மணிக்கு அவள் சொன்ன வாக்கியம் மாலை நாலு மணிக்கு ஆற்றின் அக்கரையிலிருந்து திரும்பி வந்தது.

"பாத்துப் போங்க, அங்க வழுக்கும்."

அவளுடைய குரல்தான். 'வழுக்கும்' என்பதைக் கொஞ்சம் சலிப்போடு இழுக்கிற இழுப்பு உட்பட அவளுடையதேதான். கூடாரத்துக்கு முன்னால் சின்ன அடுப்பில் டீ கொதிக்கவைத்துக்கொண்டிருந்தவள் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எதிர்க்கரையில் மரங்கள், அவற்றுக்குப் பின்னாலும் மரங்கள், ஈரத் தழை அழுகுகிற வாசனை, ஆற்றின் ஓயாத சளசளப்பு. ஓர் இலை கூட அசையவில்லை.

"என்னங்க, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." கணவன் லென்ஸைத் துடைப்பதை நிறுத்தியிருந்தான். முகத்தில் பயம் இல்லை, ஆசைதான் இருந்தது. "ஏதோ பறவை. கேட்டத அப்படியே திருப்பிச் சொல்ற ஜாதி. இது மட்டும் கேமராவுல விழுந்துச்சுன்னா பத்திரிகை அட்டையில நம்ம படம்தான்."

அவன் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பான்; லீவு கிடைத்தால் பெண்டாட்டி பிள்ளையை மூட்டை கட்டிக்கொண்டு காட்டுக்குள் எட்டிப் பார்க்க வந்துவிடுவான். இந்தத் தடவை நீர்நாயைப் படம் எடுக்க வந்திருந்தார்கள். வந்த நேரம், நீர்நாய் மூக்கு நுனியைக் கூடக் காட்டவில்லை. மகளுக்கு ஒன்பது வயது. செய்கிற சேட்டைக்கு வீட்டில் வாலு என்றுதான் பெயர். "வாலு இருக்கு, நாயைத்தான் காணோம்" என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லி அவனே சிரித்துக்கொண்டிருந்தான்.

அவன் படம் பிடிக்கும் முறை வினோதமானது. ஆற்றோரம் பச்சைத் துணியில் ஒரு மறைகூடு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு. மூன்று பேரும் சேர்ந்து அதன் வாசல் வரை போவார்கள். அவன் மட்டும் உள்ளே தங்குவான். மற்ற இருவரும் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, சத்தமாகப் பேசிக்கொண்டே கூடாரத்துக்குத் திரும்ப வேண்டும். "மிருகத்துக்கு எண்ணத் தெரியாது. வந்தவங்க போயிட்டாங்கன்னு நினைச்சு வெளிய வந்துரும்" என்பான். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் பூராவும் அணுக்களை எண்ணுகிறவள். எண்ணத் தெரியாது என்று இவனுக்கு யார் சொன்னது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஒரு தடவையும் கேட்டதில்லை.

அன்று மாலை முழுக்க அவன் கரையில் நின்று அந்தப் பறவைக்குப் பாடம் நடத்தினான். ஒரு வாக்கியம் சொல்வான், கொஞ்சம் பொறுத்து அக்கரை அதைச் சொல்லும். மகளுக்குக் கொண்டாட்டம். அப்பா, என் பேரைச் சொல்லச் சொல்லுங்க என்றாள். "வாலு, வா போலாம்" என்று அவன் கத்தினான். அம்மாவும் சொல்லணும் என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் பிள்ளை முகம் வாடக்கூடாதே என்று சொன்னாள்.

"வாலு, வா போலாம்."

அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

வந்தது மறுநாள், விடிந்தும் விடியாத நேரத்தில். அவள் கண் விழித்துப் படுத்திருந்தாள். மிக மெதுவாக, உறங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அடங்கிய குரலில் அக்கரையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வாலு என்றது. பிறகு இன்னொரு மாதிரி வாலு. பிறகு அவள் சொல்கிற மாதிரியே, கடைசியில் குரல் லேசாக உயர்ந்து, வாலு. அந்தக் குரலுக்குப் பக்கத்திலேயே அவன் குரல் செருமியது. அந்தச் செருமலும் இரண்டு விதமாக வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கணவன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனை உலுக்கி எழுப்பினாள்.

"இன்னிக்கே கிளம்பிரலாங்க. அது ஒரு பறவை இல்ல. ரெண்டு இருக்கு. பழகிப் பாத்துக்கிட்டு இருக்கு."

"ஜோடியா? அப்போ இன்னும் நல்லது."

தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்கிற ஆள் அவன். பகல் முழுக்க மறைகூட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தான். அக்கரை வாயே திறக்கவில்லை. மூன்று மணிக்கு முகம் சிவக்க வெளியே வந்தான். பல் பிடுங்கும் முன் நோயாளியிடம் பேசுகிற அதே தேன் குரலில் பேச்சை ஆரம்பித்தான்.

"நாம ரெண்டு பேரும் சேந்து பேசிட்டுப் போனாத்தான் அது வரும். அதனால நாம ரெண்டு பேரும் போயிரணும். வாலு உள்ள இருக்கட்டும். பட்டனை அமுக்கினாப் போதும், அவளுக்குத் தெரியும்."

"குழந்தைய தனியாவா?"

"கால் மணி நேரம். அந்தத் திருப்பத்துல நிக்கப் போறோம், இருநூறு அடி கூட இல்ல. முடிஞ்சதும் வண்டி ஏறிரலாம், சத்தியமா."

"அம்மா, ப்ளீஸ்மா," என்றாள் மகள்.

அவள் சரி என்றாள். அதைச் சொன்னது அவள் வாய்தான். அவன் மேல் மட்டும் பழியைப் போட முடியாது.

அவன் ஒன்றும் பொறுப்பில்லாதவன் அல்ல. மகளை உள்ளே உட்காரவைத்து முன்னால் குந்தி, விரலை நீட்டிச் சொன்னான். "அந்தப் பறவை எங்க குரல்ல கூப்பிடும். ஏமாந்து வெளிய வந்துராத. நான் தனியா கூப்பிட்டாலும் வராத. அம்மா தனியா கூப்பிட்டாலும் வராத. ரெண்டு பேரும் சேந்து வந்து ஜிப்பைத் திறந்தா மட்டும்தான் வரணும். புரிஞ்சுதா?"

"ரெண்டு பேரும் சேந்து," என்று மகள் தலையாட்டினாள்.

ஜிப்பை மூடினார்கள். வழக்கம்போலச் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தார்கள். இன்னிக்கு அவ்வளவுதான், மழை வர்ற மாதிரி இருக்கு, என்றாள் அவள். அவன் வேண்டுமென்றே பெரிதாகச் சிரித்தான். திருப்பத்துக்கு வந்ததும் ஒரு மரத்தின் பின்னால் நின்றார்கள். அங்கிருந்து மறைகூடு தெரியவில்லை. ஆற்றின் மேல் மூட்டம் இறங்கி, வெளிச்சம் பழைய பாத்திரத்தின் நிறத்துக்கு மங்கிக்கொண்டிருந்தது. பூச்சிகளின் இரைச்சல் இருந்தது, குறைந்தது, பிறகு ஒரேயடியாக நின்றது. தன் காதுக்குள் ரத்தம் ஓடுவது அவளுக்குக் கேட்டது.

பிறகு அவள் பேசினாள். அவள் வாய் மூடியிருந்தது.

"இன்னிக்கு அவ்வளவுதான், மழை வர்ற மாதிரி இருக்கு."

அவன் சிரிப்பு. கூடவே காலடிச் சத்தம். இரண்டு பேர் நடக்கிற சத்தம். ஒன்று கனமான கால், ஒன்று லேசான கால். இந்தக் கரையில்.

கணவன் அவள் தோளை அழுத்தினான். "வந்துருச்சு," என்று கிசுகிசுத்தான். கண் பளபளத்தது. "அசையாத."

"பறவைக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய காலு?"

அவன் கை அவள் தோளிலிருந்து நழுவியது.

"வாலு, வா போலாம்."

இரண்டு குரலும். சேர்ந்து.

ஜிப் திறந்தது.

"அதுக்குள்ளயா? நான் ஒண்ணு கூட எடுக்கலப்பா," என்றாள் மகள்.

ஓடினார்கள். வேர் தடுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். முழங்கை எரிந்தது. இருநூறு அடி முடிகிற பாடாக இல்லை. அவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். தன் குரலைத் தன் பிள்ளை இனி நம்பாது என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

மறைகூடு அப்படியே நின்றது. ஜிப் மூடியிருந்தது.

கணவன் அதை இழுத்துத் திறந்தான். உள்ளே மகள் உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி, ஜிப்பைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு. மஞ்சள் சட்டை. நெற்றியில் விழுந்த முடி. எல்லாம் சரியாக இருந்தது.

அவன் விம்மிவிட்டான். வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உச்சியில் முத்தமிட்டான். "ஒண்ணும் ஆகல. இங்கதான் இருக்கா. ஒண்ணும் ஆகல."

அப்போது அக்கரையில் மகள் பேசினாள்.

"அப்பா, கேமராவ விட்டுட்டு வந்துட்டோம்."

அவன் சிரிப்பு பதில் சொன்னது. பேச்சு நகர்ந்துகொண்டே போனது, மரங்களுக்குள்ளே, சாதாரணமாக, கடைக்குப் போய்த் திரும்புகிற குடும்பம்போல.

"வண்டி அந்தப் பக்கம்ல இருக்கு? அம்மா, ஏன் என் கைய இப்படி புடிக்கிற?"

"இன்னிக்கு அவ்வளவுதான், மழை வர்ற மாதிரி இருக்கு."

"அம்மா, என்னைப் பாத்துப் பேசும்மா."

"இன்னிக்கு அவ்வளவுதான், மழை வர்ற மாதிரி இருக்கு."

பிறகு அக்கரையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. எங்கம்மா எங்க, எங்கம்மா எங்க என்று மூச்சுத் திணறத் திணற.

அவள் ஆற்றில் இறங்கிவிட்டாள். முழங்கால் வரை பனிபோல் தண்ணீர். இழுப்பு காலை வாரியது. அவன் ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி மறு கையால் அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"பைத்தியமா உனக்கு? அது பறவை. இடுப்பளவு தண்ணிய அவ எப்படித் தாண்டுவா? இவ சட்டையப் பாரு, காஞ்சு கெடக்கு. கண்ணால பாத்துட்டு காதை நம்புவியா?"

"கேட்டதத்தானே அது திருப்பிச் சொல்லும்னீங்க," என்றாள் அவள். "வந்ததுலேருந்து வாலு ஒரு தடவ கூட அழலைங்க."

அவன் பிடியை விடவில்லை. இன்னும் இறுக்கினான். அவனுக்கும் விளங்கிவிட்டது என்பது அந்தப் பிடியில் அவளுக்குத் தெரிந்தது. கைக்கு வந்ததை விட்டுவிட அவனுக்குத் தைரியம் இல்லை என்பதும் தெரிந்தது. அவள் கையை உதறினாள். கடித்தாள். அழுகை தூரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு முறை அம்மா என்று உடைந்து, நின்றுபோனது.

அவன் தோளில் இருந்தது தலையைச் சாய்த்து அது அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு வாயைத் திறந்தது. எங்கம்மா எங்க, எங்கம்மா எங்க என்று மூச்சுத் திணறத் திணற அழுதது.

"பயந்துட்டா பாரு," என்று அவன் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "அழாதடா கண்ணு. அம்மா இங்கதான இருக்கா. போ, அம்மாட்ட போ."

அதன் கண்களில் ஒரு சொட்டு நீர் இல்லை. இரண்டு கைகளும் அவளை நோக்கி நீண்டிருந்தன.