அறுபதுக்கு மேல் திறக்காத கதவு

இசக்கியம்மாளின் வயிறு எழுபத்தொன்று காட்டியது. அளவைக்கதவு திறக்கவில்லை.

பின்னால் வரிசையில் நின்ற தங்கபுஷ்பம், "ஏட்டி, காலங்காத்தால மிளகாயக் கடிச்சியா?" என்றாள்.

"ஒம் மூஞ்சில முழிச்சேன்லா, அதான்."

வரிசை சிரித்தது. கதவு சிரிக்கவில்லை. இதோடு மூன்று நாள் அவளுக்கு வேலை இல்லை.

தூத்துக்குடிக் கரையோரத்து உப்புக் கிட்டங்கியில், மூட்டை அடுக்கும் அந்தக் கிடங்கில், அதுதான் சட்டம். உள்ளே போகிற ஒவ்வொருவர் குடலிலும் ஒரு வயிற்றுமணி இருக்க வேண்டும். மிளகு அளவுதான் இருக்கும். ஒருமுறை விழுங்கினால் குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆறு வருசம் கிடக்கும். மனசு கலங்கும்போது குடலில் ஊறுகிற ரசங்களை அளந்து கதவுக்குச் சொல்லும். அந்த வயிற்றெண் அறுபதைத் தாண்டினால் ஆள் கவலையில் இருக்கிறார், கை நடுங்கி விபத்து உண்டாக்குவார் என்று கம்பெனி முடிவு கட்டியிருந்தது. மானேஜர் முதல் மூட்டை தூக்குகிறவள் வரை எல்லோருக்கும் அந்த ஒரே கதவுதான். இயந்திரக் கைகளையும் வைத்துப் பார்த்தார்கள். உப்புக்காற்று நாலே மாதத்தில் அவற்றைத் தின்றுவிட்டது. உப்புக்கு ஈடுகொடுக்க மனிதத் தோலால்தான் முடிந்தது.

இசக்கியம்மாளுக்குப் பதினோரு வருசமாக வயிற்றுப் புண். சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். எரிந்தால் எண் ஏறும், எண் ஏறினால் வேலை போகும், வேலை போனால் இன்னும் எரியும். அன்று திரும்பி நடக்கும்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். நாற்பது வயதில் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவள். விரல் வைத்துத்தான் வாசிப்பாள். 'செரிமானக் கோளாறும் மன அழுத்தமும். ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் தேவை.'

அவள் போகிறாள் என்றதும் அவளுடைய கூட்டத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

ஆய்வகத்தில் டாக்டர் ஜெசிந்தா விளக்கினார். "மனசைக் கலக்குற சேதி குடலிலேருந்து மூளைக்குப் போகும். அந்தச் சேதியை அமத்துற நுண்ணுயிர் ஒண்ணு வளர்த்திருக்கோம். ஆறு பேருக்கு அது கலந்த அமைதிக்கூழ். ஆறு பேருக்கு வெறுங்கூழ். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"டாக்டருக்கே தெரியாத மருந்தா! வெளங்கிரும்" என்றாள் தங்கபுஷ்பம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இசக்கியம்மாள் மட்டும் ஆறு பக்கத்தையும் வாசித்து முடிக்கும் வரை பேனாவைத் தொடவில்லை.

ஆறு வாரத்தில் அவள் எரிச்சல் அடங்கியது. எண் இருபதுக்கு வந்தது. வேலம்மாள் என்றொருத்தி, புருசன் கடலில் போனதிலிருந்து சரியாகத் தூங்காதவள், அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். ஆனால் யாருக்கு எது என்ற பட்டியலைப் பிரித்துப் பார்த்த டாக்டர் மண்டையைச் சொறிந்தார். வெறுங்கூழ் குடித்த ஆறு பேருக்கும் எண் இறங்கியிருந்தது. அது எப்படி?

மத்தியானச் சோற்று நேரத்தில் வந்து பார்த்தபோது விடை கிடைத்தது. பன்னிரண்டு தூக்குச்சட்டிச் சோறும் ஒரே போணியில், வாயகன்ற ஈயப் பாத்திரத்தில், கவிழ்ந்தது. பழையது, புளிக்குழம்பு, கருவாடு எல்லாம் அதிலேயே விழுந்தன. இசக்கியம்மாள் ஒரே கையால் பிசைந்து உருட்டி, நீட்டிய கைகளில் வைத்தாள். அமைதிக்கூழ் அவளுக்கு விழுந்திருந்தது. வேர்வையிலும் பிழைக்கிற அந்த நுண்ணுயிர் அவள் விரல் வழியே சோற்றில் ஏறியிருந்தது.

"ஐயோ, ஆய்வே பாழ்! தனித்தனியா சாப்பிட மாட்டீங்களா?"

"பிரிச்சுத் தின்னா தொண்டையில எறங்காது டாக்டரம்மா. நீங்களும் ஒரு உருண்டை வாங்கிக்கிடுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

ஆய்வு பாழானது. கம்பெனிக்கு அதுவே புதையலானது. ஒரு கைக்குக் கொடுத்தால் பன்னிரண்டு வயிறு அடங்கும் என்றால் எதற்கு ஆளுக்கொரு டம்ளர்? கிட்டங்கியின் மற்ற இரண்டு கூட்டங்களிலும் சோறு பிசைகிறவளை மட்டும் கூப்பிட்டு, சத்துக்கூழ் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்றவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தாறு பேரும் கிணற்றுத் தண்ணீர் போல ஆனார்கள். சூப்பர்வைசர் லிங்கராஜ் ஆளுக்கு நாற்பது மூட்டை கூட்டினார். யாருக்கும் கோபம் வரவில்லை.

கிரேனின் தூக்குச் சங்கிலி ஒரு வாரமாக முனகிக்கொண்டிருந்தது. முன்பென்றால் அந்தச் சத்தத்துக்கே அடிவயிறு கலங்கும். பெண்கள் ஒதுங்கி நின்று, மாற்றினால்தான் ஆச்சு என்று மல்லுக்கு நிற்பார்கள். இப்போது காதில் விழுந்தது, வயிற்றில் விழவில்லை. வியாழக்கிழமை சங்கிலி அறுந்தது. இருபது மூட்டைக் கட்டு தங்கபுஷ்பத்தின் கால்மேல் இறங்கியது.

கூச்சல் இல்லை. ஓட்டம் இல்லை. தங்கபுஷ்பம்கூட, "காலு போச்சு போலிருக்கு" என்று ஊர்க்கதை சொல்வது போலச் சொன்னாள். அவளை வண்டியில் ஏற்றினார்கள். சோற்று நேரம் வந்தது. இசக்கியம்மாள் பிசைந்தாள், உருட்டினாள், இரண்டு உருண்டை தின்றாள். கை கழுவும்போது முழங்கையில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள். இருபது வருசம் பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவளின் ரத்தம்.

'நான் எப்படித் தின்னேன்?'

கதவில் அவள் எண் பதினான்கு. பக்கத்தில் பச்சை விளக்கு.

மறுநாள் ஆய்வகத்தில் போய் நின்றாள். "நான் வெலகிக்கிடுதேன் டாக்டரம்மா."

"விலகலாம். ஆனா உள்ளே குடியேறினது தானா போகாதே."

"நாலாம் பக்கம், கீழேருந்து ஆறாவது வரி. தன்னார்வலர் கேட்டால் முதல் நாள் எடுத்த அவருடைய குடல் நுண்ணுயிரைத் திருப்பித் தர வேண்டும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "உங்களது குளிர்பெட்டியில இருக்கு. மாத்திரையாக்கித் தரலாம். அது புதுசைத் துரத்திரும். ஆனா எரிச்சலும் திரும்பி வரும் இசக்கியம்மா. பதினோரு வருச வலி."

"வலி என்னோடது. குடுங்க."

"வேற யாருக்கும் குடுத்திராதீங்க. அவங்க சம்மதம் இல்லாம..."

"மத்த ரெண்டு கூட்டத்துலயும் ஒரு கையெழுத்து வாங்குனியளா? அவளுவளோட மொத நாளு நுண்ணுயிரு எந்தக் குளிர்பெட்டியில இருக்கு?"

டாக்டர் ஜெசிந்தா எழுந்து குளிர்பெட்டியைத் திறந்தார். பிறகு ஒரு ஆளுக்கு வேண்டியதைவிட அதிகமாக, ஒரு புட்டி நிறைய மாத்திரை தந்தார்.

நாலு நாளில் பழைய நெருப்பு வந்தது. அதோடு தங்கபுஷ்பத்தின் கால் நசுங்கிய நினைப்பும் வந்தது. கிட்டங்கிச் சுவரோரம் குந்தி இசக்கியம்மாள் அழுத அழுகைக்கு ஒரு வாரத்துப் பாக்கி இருந்தது. அழுது முடித்து எழுந்து, மூன்று கூட்டத்தையும் ஓரிடத்தில் கூட்டினாள். புட்டியை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, மாத்திரைகளை உடைத்துப் போணியில் கொட்டினாள்.

"மறைச்சுக் குடுக்க நான் கம்பெனி இல்ல. இத தின்னா வயிறு எரியும். பயம் வரும், கோவம் வரும், தூக்கம் போகும். வேணும்ங்கிறவ கை நீட்டு. வேண்டாம்னா ஒண்ணும் குத்தமில்ல, அவளுக்குத் தனிச்சட்டி."

பெண்கள் போணியை எட்டிப் பார்த்தார்கள்.

"புஷ்பத்துக்கு நான் இன்னும் அழல இசக்கி" என்றாள் ஒருத்தி. கை நீட்டினாள். பின் மற்றவர்கள்.

வேலம்மாள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இந்தத் தூக்கம் போதும் மக்கா."

"சரிட்டி. நீ தூங்கு."

அடுத்த திங்கட்கிழமை அளவைக்கதவு எழுபத்தொன்பது என்றது, அறுபத்தெட்டு என்றது, எண்பத்துமூன்று என்றது. முப்பத்துநாலு பேருக்குத் திறக்கவில்லை. வேலம்மாள் பன்னிரண்டு காட்டி உள்ளே போனாள். உப்புமலைக்கு முன்னால் தனியாக நின்று பார்த்தாள். "ஒத்தையில என்னத்தத் தூக்க?" என்று நிதானமாக வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தாள். துறையில் கப்பல் ஊதிக்கொண்டிருந்தது.

லிங்கராஜ் ஓடிவந்தார். "என்ன, ஸ்டிரைக்கா?"

"யாரு சார் ஸ்டிரைக் பண்ணா? வேலைக்குத்தான் வரிசையில நிக்குதோம். ஒங்க கதவுல்லா விடமாட்டேங்கு" என்றாள் இசக்கியம்மாள்.

அவர் மானேஜருக்குப் போன் போட்டார். "சார், கதவு எண்ணைத் தொண்ணூறாக்கிருவோம்." அந்தப்பக்கம் கத்தல் கேட்டது. அறுபதுக்கு மேல் ஆளை உள்ளே விட்டு விபத்து நடந்தால் பொறுப்பு கம்பெனி தலையில் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருந்தது. லிங்கராஜ் குரலை இறக்கினார். "கூழ் வரச்சொல்லுதேன். ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்கம்மா."

"கையெழுத்து ஃபாரத்தையும் வரச்சொல்லுங்க. இன்னைக்கு நான் எல்லாருக்கும் சத்தமா வாசிக்கேன்."

"வேற என்னதான் வேணும் ஒனக்கு?"

இசக்கியம்மாளின் வயிறு தீயாய்ப் பிடுங்கியது. நிமிர்ந்தே நின்றாள். "எங்க வயித்த ஏன் சார் மாத்துதிய? சங்கிலிய மாத்துங்க. புஷ்பத்துக்கு ஒரு வழி சொல்லுங்க. எண்ணு தானா எறங்கும்."

கப்பல் மறுபடி ஊதியது. போன் மறுபடி அடித்தது. லிங்கராஜ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். அளவைக்கதவு அறுபத்தாறு காட்டியது. தள்ளினார். அசையவில்லை.

வரிசை கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டது.

"நிழலுக்கு வாங்க சார்" என்றாள் இசக்கியம்மாள். "மொத நாளு அப்படித்தான் எரியும்."