அங்கம்மா அடித்த பெரட்டு

மலாய் நாட்டில் சிகாமட்டுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் சிறுமி அங்கம்மாவுக்கு ஒரு பெரிய உத்தியோகம் இருந்தது. சம்பளம்தான் கிடையாது. மேட்டில் நின்று பாதையைப் பார்க்க வேண்டும். சீருடை போட்டவர் யாராவது வந்தால் ஓட்டை வாளியைத் தட்ட வேண்டும்.

அது ஜப்பான்காரர்களின் ஆட்சி நடந்த காலம். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை. அதனால் வாளிச் சத்தம் கேட்டதுமே பெரியவர்கள் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள்.

அன்று பாதையில் கடகடவென்று ஒரு சைக்கிள் வந்தது. டயர் கிடைக்காததால் சக்கரத்தில் ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தது. ஓட்டி வந்தவர் மலாய்க்காரர், போலீஸ்காரர். தோட்டத்தில் போலீஸ்காரர்களை மாத்தா என்பார்கள்.

அங்கம்மா வாளியை டமடமவென்று தட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் தோட்டமே வெறிச்சோடிப் போனது.

அவளும் ஒளியப் போனாள். அப்போது கால்வாய்ப் பக்கம் முனகல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அப்பா லெட்சுமணன் விழுந்து கிடந்தார். ஓடும்போது வழுக்கியதில், கையிலிருந்த ரப்பர்ப் பால் வெட்டும் கத்தி கெண்டைக்காலில் ஆழமாக வெட்டிவிட்டது. ரத்தம் நிற்காமல் வழிந்தது.

"நீ போய் ஒளிஞ்சுக்கோ, தங்கம்," என்றார் அப்பா. "மாத்தா போனதும் யாராவது வருவாங்க."

அப்பாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மாத்தா போகும்வரை ரத்தம் காத்திருக்குமா? மாத்தாவைக் கூப்பிட்டால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாரோ? கூப்பிடாவிட்டால் அப்பா பிழைப்பாரா?

அவள் பாதைக்கு ஓடினாள்.

"துவான், ஐயா, எங்கப்பாவைக் காப்பாத்துங்க. கால்ல கத்தி வெட்டிடுச்சு."

"அலமாக்," என்று பதறிச் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் ஓடி வந்தார் அவர். பெயர் யூசோப். சின்ன வயதில் வேறொரு தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் சரளமாக வந்தது.

யூசோப் தன் கைக்குட்டையை மடித்து வெட்டின் மேல் வைத்தார். "அழுத்திப் பிடி, பிள்ளை. எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது."

பிறகு தன் ஒரு காலில் சுற்றியிருந்த நீளமான காக்கிப் பட்டியை அவிழ்த்தார். அதை அப்பாவின் காலில் இறுக்கிச் சுற்றினார். காலைத் தூக்கி ஒரு மரக்கட்டை மேல் வைத்தார். ரத்தம் மெல்லக் குறைந்தது.

"இவரை ஆஸ்பத்திரி டிரஸர்கிட்ட தூக்கிட்டுப் போகணும். தையல் போடணும். உங்க ஆளுங்க எங்கே?"

அங்கம்மா தரையைப் பார்த்தாள்.

"உங்களைப் பார்த்துதான் ஓடிட்டாங்க, துவான். நீங்க சயாமுக்கு ஆள் பிடிக்கத்தானே வந்தீங்க?"

"நானா? காணாமப் போன என் ஆட்டைத் தேடி வந்தேன்."

கூப்பிட்டால் யார் நம்பி வருவார்கள்? அங்கம்மா யோசித்தாள். ஆபீஸ் முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. காலையில் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதை அடித்தால் பெரட்டு, ஆள் கணக்கெடுக்கும் நேரம். தோட்டமே ஓடி வந்து வரிசையில் நின்றாக வேண்டும். வராதவருக்கு அன்று அரிசி இல்லை. பிள்ளைகள் அதைத் தொட்டால் காதைத் திருகிவிடுவார் கிராணி.

காது போனால் போகட்டும் என்று அவள் ஆபீஸுக்கு ஓடி, அங்கிருந்த இரும்புக் கம்பியை எடுத்தாள்.

டாண், டாண், டாண்.

காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன செய்வது, கால்கள் பழகிப்போயிருந்தன. முதலில் வந்த ஐயாசாமி மாமா ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார்.

"நான் ஒளிஞ்ச புதருல இதுவும் ஒளிஞ்சிருந்துச்சு. ஆமா, இந்த நேரத்துல என்னா பெரட்டு?"

"மாத்தா யாரையும் பிடிக்க வரல, மாமா. அப்பாவைத் தூக்கணும், வாங்க."

இரண்டு கம்புகளைக் கோணிப்பைக்குள் நுழைத்துத் தூக்குப்படுக்கை செய்யச் சொல்லிக் கொடுத்தார் யூசோப். ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒரு முனையை அவரும் தோளில் தாங்கினார்.

டிரஸர் தையல் போட்டார். "நல்லா கட்டியிருக்காங்க. கொஞ்சம் தாமதிச்சிருந்தா கஷ்டம்," என்றார். அங்கம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சந்தோஷ அழுகை.

"ரொம்ப நன்றி, துவான்."

"துவான் வேணாம். பாச்சிக்னு கூப்பிடு. மாமா மாதிரிதான்."

கிராணி காதைத் திருகவில்லை. மறுநாள் பெரட்டு அடிக்கும்போது அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அப்பா எழுந்து நடந்த பிறகு ஒரு நாள் அதே கடகட சத்தம் கேட்டது. அங்கம்மா வாளியைத் தட்டக் கையை ஓங்கினாள். பார்த்தாள். மெதுவாக ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

"பாச்சிக்கா?" மரங்களுக்கு நடுவிலிருந்து அப்பா கேட்டார்.

"ஆமாப்பா."

"அப்ப அம்மாவைக் கிழங்கு அவிக்கச் சொல்லு."

யாரும் ஓடவில்லை. யூசோப் இறங்கிச் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். இன்னமும் ஒரு காலில்தான் பட்டி இருந்தது. அங்கம்மா வீட்டுக்கு ஓடி, துவைத்து மடித்து வைத்திருந்த இன்னொரு பட்டியை எடுத்து வந்தாள்.

அன்று யூசோப் வயிறு நிறையக் கிழங்கு சாப்பிட்டுவிட்டு, இரண்டு காலிலும் பட்டியோடு வீடு திரும்பினார்.