தாங்குவார் என்று சொல்லப்போய்

"அந்தப் பெரியவர்கிட்ட என்ன சொன்னீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, சிஸ்டர்?"

தமிழ்.

வார்டு நடைபாதையில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். இந்த நாட்டுக்கு நர்ஸாக வந்து ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. இந்த மருத்துவமனையில் அவள் காதில் விழுந்த முதல் தமிழ் இதுதான்... அதுவும் அதட்டலாக.

கேட்டவன் மொழிபெயர்ப்பாளன். கூப்பிட்ட வார்டுக்கெல்லாம் போகிறவன். மழையில் தோள்கள் நனைந்திருந்தன. கண்கள் பல நாள் தூங்காதவை போல இருந்தாலும், எதிரில் நிற்பவரை முழுசாகப் பார்த்தன. இந்தக் கண்ணுக்கு இந்தக் கோபம் பொருந்தவே இல்லையே... என்று நினைத்தவள், அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

"ஆண்டவர் உங்களைத் தாங்குவார்னு சொன்னேன்."

"இல்ல. நாளைக்கு ஆண்டவர் உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவார்னு சொல்லியிருக்கீங்க."

பெரியவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாளை அவருக்கு இதய அறுவை சிகிச்சை. பயத்தோடு படுத்திருந்தவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு ஜெபத்தில் சொல்லிப் பழகிய வாக்கியத்தை வார்த்தை வார்த்தையாக அந்த ஊர் மொழியில் கோத்துச் சொல்லியிருந்தாள். அவர் வெளிறிப்போய்க் கையை உருவிக்கொண்டபோதுகூட, மனசு கரைந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

"இப்போ ஆபரேஷனே வேண்டாம்கிறார்" என்றான். "மகள் புகார் கொடுத்ததாலதான் என்னைக் கூப்பிட்டாங்க."

அறை வாசலில் மகள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"நம்ம சபையில பேசுற தமிழை இங்க தூக்கிட்டு வராதீங்க, சிஸ்டர். அது நம்ம ஊர்லயே பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரியாது. இவங்களுக்கு எப்படிப் புரியும்?"

காலையிலிருந்து நின்ற கால்கள் வலித்தன. நாள் முழுக்கக் குழந்தையைப் போலத் திக்கித் திக்கிப் பேசி நாக்கும் ஓய்ந்திருந்தது. தன் மொழியில் பேச ஒருவர் கிடைத்தும், அவரிடமும் திட்டுதான் வாங்க வேண்டுமா?

"உங்களுக்கு வார்த்தை மட்டும்தான் வருது" என்றாள். "மனசுல ஒண்ணுமே இல்ல."

அவன் முகம் சட்டென்று மாறியது. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அவள் துணி அலமாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. அழக்கூடத் தெம்பு இல்லை. மடித்த போர்வைகள்மேல் தலையைச் சாய்த்து நின்றபோது பெரியவரின் முகம்தான் வந்தது. அவர் ஆபரேஷனுக்குப் போகாவிட்டால்? என் ரோஷம் அவரைக் காப்பாற்றுமா?

வெளியே வந்தாள். அவன் இன்னும் ஜன்னலோரம்தான் இருந்தான்.

"ஒரு உதவி பண்ணுங்க. அவர்கிட்ட நான் மறுபடி பேசணும்."

"சொல்லுங்க. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நீங்க சொல்றது அப்படியே போகும்."

மகள் தயங்கித்தான் வழிவிட்டாள். கட்டிலருகே போனதும் பழகிய வாக்கியங்கள் நாக்கு நுனிவரை வந்தன. அவள் அவற்றை விழுங்கிக்கொண்டாள்.

"ஐயா... எனக்கு உங்க பாஷை சரியா வராது. தப்பாச் சொல்லிட்டேன். உங்களுக்குப் பயமா இருந்துச்சு, அதைப் பார்த்து எனக்கும் பயமாயிடுச்சு. நாளைக்கு எனக்கு லீவு. ஆனாலும் வருவேன். நீங்க கண் முழிக்கிற வரைக்கும் வெளியிலயே உட்கார்ந்திருப்பேன்."

அவன் தணிந்த குரலில் சொல்லி முடித்தான். பெரியவர் கூரையைப் பார்த்தபடியே ஏதோ கேட்டார்.

"உன் கடவுள் என்ன பண்ணுவார்னு கேட்கிறார்."

"அவரும் என்கூட உட்கார்ந்திருப்பார்னு சொல்லுங்க. தூக்கிட்டுப் போக வரல. துணைக்கு வருவார்."

பெரியவரின் உதடு லேசாகக் கோணியது. ஏதோ முணுமுணுத்தார். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன்கூடச் சிரித்தான். சிரித்தபோது அந்தக் கண்கள்... அவள் அவசரமாகப் போர்வையைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

"அப்படின்னா ரெண்டு நாற்காலி போடச் சொல்றார்."

மறுநாள் காத்திருப்பு அறையில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேசப் பொது மொழி இல்லை. கண்ணாடியில் மழை வழிந்துகொண்டே இருந்தது. அவளையறியாமல் கண்ணயர்ந்து விழித்தபோது மகளின் மேல்கோட்டு அவள்மேல் போர்த்தப்பட்டிருந்தது. எதிரில் அவன், கையில் தேநீர்க் கோப்பையுடன்.

"உங்களை யார் கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடல. டீ எடுத்துக்குங்க."

"நேத்து வாய்க்கு வாய் சிஸ்டர்னீங்க. இன்னைக்குக் காணோம்?"

"நேத்து உங்களைத் தெரியாது" என்றவன் காது சிவந்தது.

அவள் கோப்பைக்குள் குனிந்து சிரிப்பை மறைத்தாள்.

"எங்கப்பா பாஸ்டர்" என்றான். "இங்க வந்தப்போ அவர் பிரசங்கத்தை நான்தான் மொழிபெயர்த்தேன். ரத்தத்தால கழுவப்பட்டோம்னார். அப்படியே சொன்னேன். கேட்க வந்தவங்க மிரண்டு, ஒவ்வொருத்தரா எழுந்து போயிட்டாங்க. அப்பாவோ, உன் மனசுல இல்ல, அதான் வாயில வரலன்னார். அதுக்கப்புறம் நான் சபைப் பக்கமே போகல."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நேத்து நானும் அதையேதான்..."

"தெரியாமதானே சொன்னீங்க. கோபம்தான் வந்துச்சு. ஆனா நேத்து சாயங்காலம் நீங்க பேசினதை எடுத்துச் சொன்னப்போ... வருஷக்கணக்கில நான் நம்பிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்."

கதவு திறந்தது. டாக்டர் பேசப் பேச மகளின் முகம் மலர்ந்தது. மகள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல செய்தி என்று புரிந்துகொள்ள அதுவே போதுமாக இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவர் கண் விழித்து விரல் அசைத்ததைப் பார்த்த பிறகுதான் கிளம்பினாள்.

பேருந்து நிறுத்தத்தில் இருவரும் ஒரே குடைக்குள் நின்றார்கள். குடை அவள் பக்கமே சாய்ந்திருந்தது.

"நோயாளி பேசுறதை நான் என் பேச்சு மாதிரியேதான் சொல்லணும்" என்றான். "எனக்கு வலிக்குது, எனக்குப் பயமா இருக்குன்னு. நாள் முழுக்க அடுத்தவங்க வலி. வீட்டுக்குப் போனா எனக்குன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது."

"இன்னைக்கு?"

"இருக்கு... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. இது வேற யார் சொன்னதும் இல்ல. நான் சொல்றது."

மழை குடைமேல் கொட்டியது. அவள் கண்களை மூடிக்கொண்டாள். கால் வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு சுமை இறங்கியதுபோல...

"எனக்கு இப்போ நிக்கவே முடியல. ரொம்பத் தூக்கமா வருது" என்றாள். "தூங்கி எழுந்துதான் ஒழுங்காப் பதில் சொல்வேன்."

"சரி" என்றான், மெல்ல.

அவள் தலை தயங்கித் தயங்கி அவன் நனைந்த தோளில் சாய்ந்தது.

"அதுவரைக்கும் கவலைப்பட்டுட்டு இருக்காதீங்க" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "எனக்கும் பிடிச்சிருக்கு."