பன்னிரண்டாவது குரல்

ஞாயிற்றுக்கிழமைகளில் தலை எண்ணுவது என் வேலை. ஆராதனை தொடங்கியதும் எண்ணிப் பார்த்து, தேவாலய வாசலில் உள்ள பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். பெரிய கணக்கெல்லாம் இல்லை. பல மாதங்களாகப் பதினொன்றுதான். போதகர், ஆர்மோனிய டீச்சர், தையல்கார மாமா, மணி அடித்துக் கூட்டிப் பெருக்கும் என் அம்மா, நான், எலக்ட்ரீஷியன் அண்ணன், இன்னும் ஐந்து பேர்.

பதினொரு பேர்தான் என்றாலும் பெஞ்சுகள் வெறுமையாக இருக்காது. அதுதான் எனக்குப் பயம். தையல்கார மாமா முன்பு ஒவ்வொருவருக்கும் உட்கார ஒரு மெத்தை தைத்துக் கொடுத்திருந்தார். ஆள் இறந்துபோனாலும் மெத்தையை யாரும் எடுப்பதில்லை. நீல மெத்தை பல் டாக்டருடையது. கட்டம் போட்டது தபால்காரருடையது. ஜன்னலோரத்து மஞ்சள் மெத்தை மாமாவின் மனைவியுடையது. அத்தை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் உட்கார்ந்த பள்ளம்கூட மெத்தையில் அப்படியே இருக்கிறது.

அன்று வெளியே ஒரே பனிமூட்டம். போதகர் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பிரித்தார்.

"இந்த மாசக் கடைசி ஞாயிறு இருபத்தஞ்சு பேராவது வரலைன்னா, சர்ச்சுக்குப் பூட்டு போட்டுடணுமாம்" என்றார்.

அம்மா என் கையை இறுகப் பிடித்தார். நாங்கள் இருப்பது தேவாலயத்தின் பின்னறையில். பூட்டினால் எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் பூட்டுவார்கள்.

பிறகு பாட்டு ஆரம்பித்தது. பதினொரு குரலும் எனக்கு அத்துப்படி. போதகர் எல்லோருக்கும் முன்னால் ஓடுவார். எலக்ட்ரீஷியன் அண்ணன் சைக்கிள் பிரேக் மாதிரி கத்துவார். அம்மா மெதுவாக முனகுவார். அன்று இன்னொரு குரலும் கேட்டது.

மெல்லிய குரல். வார்த்தை இல்லை, ராகம் மட்டும். நாங்கள் ஒரு வரியை முடித்த பிறகு, ஒரு மூச்சு தள்ளி அது முடிந்தது.

தலைகளை மறுபடி எண்ணினேன். பதினொன்று. குரலோ பன்னிரண்டு. அது மஞ்சள் மெத்தைப் பக்கமிருந்து வந்தது.

டீச்சரின் விரல் தப்பான கட்டையில் விழுந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன், "கரண்ட் கோளாறா இருக்கும்" என்று முணுமுணுத்தார். ஆர்மோனியத்துக்கு ஏது கரண்ட்?

தையல்கார மாமா மட்டும் பயப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "அவதான்" என்றார். "எப்பவும் ஒரு மூச்சு பிந்தித்தான் பாடுவா."

போதகர் அவசரமாக அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.

சாப்பிடும்போது கேட்டேன். "அம்மா, அத்தை நிஜமாவே வந்தாங்களா?"

"பேசாம சாப்பிடு."

"அப்போ பலகையில பன்னிரண்டுன்னு எழுதணுமா?"

"சாப்பிடுன்னு சொன்னேன்ல!"

அதட்டினாரே தவிர, அன்று அம்மா கதவின் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறும் பனி. அடுத்த ஞாயிறும் அந்தக் குரல். நான் மஞ்சள் மெத்தையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மெத்தை அசையவில்லை. ஆனால் அதற்கு மேலே, பனி படர்ந்த ஜன்னல் கண்ணாடியில் ஒரு கை பதிந்திருந்தது. வெளிப்பக்கமாக.

சின்னக் கை. அத்தையின் கை பெரிது, என் கன்னத்தைக் கிள்ளினால் முழுக் கன்னமும் கைக்குள் போய்விடும். பயத்தோடு பயமாக எனக்குச் சந்தேகமும் வந்தது.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே போனேன். பனியில் கல்லறைச் சிலுவைகள் பாதிதான் தெரிந்தன. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். குரல் நெருங்கிக்கொண்டே வந்தது. மூலையில் திரும்பினேன்.

ஜன்னலுக்குக் கீழே வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. அதற்கு இரண்டு தலை.

கத்த வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. ஆனால் அந்த உருவம் என்னைப் பார்த்து "ஐயோ!" என்று கத்தியது.

ஒரே வெள்ளை பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண்மணியும் என் வயதுச் சிறுமியும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"திட்டாதம்மா, இதோ போயிடறோம்" என்றார் அந்தப் பெண்மணி.

"நான் ஏன் ஆன்ட்டி திட்டப்போறேன்? ஏன் வெளியே நின்னு பாடுறீங்க?"

"புதுசா கட்டின குடியிருப்புல மூணு மாசமா இருக்கோம். ஒரு நாள் சீக்கிரமா வந்து இந்த ஜன்னல் பக்கம் உக்காந்தோம். ஒருத்தர் வந்து, இது என் மனைவியோட இடம்னு சொன்னார். வேற இடம் தேடினா எல்லாத்துலயும் மெத்தை. ஆளுங்க வருவாங்க போலன்னு வெளியே வந்துட்டோம்."

"எங்க மாடியில நிறைய பேர் இங்க வரலாமான்னு கேட்டாங்க" என்றாள் சிறுமி. "இடமே இல்லைன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதினொரு பேர் இருக்கும் தேவாலயத்தில் இடமில்லையாம்!

அவள் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் போனேன். அப்போது மாமாவின் முகம் ஞாபகம் வந்தது. 'இதோ அந்தக் குரல்' என்று எல்லோர் முன்னாலும் இவளை நிறுத்தினால் அவர் என்ன ஆவார்?

தனியாகப் போய் மாமாவின் சட்டையைத் தொட்டேன். "மாமா, நீங்க மட்டும் கொஞ்சம் வெளியே வாங்க."

மாமா வந்தார். சிறுமியைப் பார்த்தார். "இவதான் மாமா பாடினது" என்றேன். பனியில் அவர் முகம் யாரோ ஒருவர் முகம் மாதிரி இருந்தது.

சிறுமிதான் மெதுவாகக் கேட்டாள். "அங்கிள், உங்க வீட்டு ஆன்ட்டி இன்னும் வரலையா? வாரா வாரம் எட்டிப் பாக்கறேன். அவங்க இடம் காலியாவே இருக்கே?"

எனக்குப் பயமாகிவிட்டது.

"இல்ல கண்ணு" என்றார். "அவ இனிமே வரமாட்டா."

மாமா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நாங்கள் யாருமே கேட்டதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

மூக்கை உறிஞ்சிவிட்டு அவர் சிறுமியைக் கேட்டார். "அது சரி, நீ ஏன் ஒரு மூச்சு பிந்திப் பாடுற?"

"நீங்க பாடுறதைக் கேட்டுட்டுத்தானே நான் பாட முடியும்?"

"அப்போ உள்ளே வந்து கேளு. இங்க குளிருது."

உள்ளே போய், மாமா மஞ்சள் மெத்தையை எடுத்து ஓங்கித் தட்டினார். பள்ளம் மறைந்து பஞ்சு உப்பியது. அதைத் திரும்பப் போட்டு, "உக்காரு" என்றார். எல்லோரும் பார்த்தோம். கொஞ்சம் கழித்து டீச்சர் எழுந்து, நீல மெத்தையைத் தட்ட ஆரம்பித்தார்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. புதுக் குடியிருப்பிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஜெபிக்க வந்தவர்கள், பாட்டுக்காக வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்கள். நான் இரண்டு தடவை எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்றாம் தடவை நாற்பத்து மூன்றில் முடித்தேன். அம்மா பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

தையல்கார மாமா வாசலில் நின்று, "எங்க வேணும்னாலும் உக்காருங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துத் திரும்பினால், அவருடைய இடத்தில் ஒரு குண்டுக் குழந்தை அப்பா மடியில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஆராதனை முழுக்க மாமா நின்றுகொண்டே இருந்தார். "கால் வலி உயிர் போகுது" என்று என் காதில் பெருமையாகச் சொன்னார்.