உள்ளது உள்ளபடி

காரின் பின்கண்ணாடியில், உட்பக்கமாக, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மூச்சுப் பட்டதுபோல மங்கியிருந்தது.

தவச்செல்வன் முதலில் தன் மூக்குக்கண்ணாடியில்தான் குறை என்று நினைத்தார். கழற்றி, சட்டை விளிம்பால் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். மங்கல் அங்கேயே இருந்தது. வெளியில் சுவிஸ் நகரமான ஓல்டனின் நவம்பர் மூடுபனி ஆற்றிலிருந்து ஏறி வந்து, பட்டறையின் உயரமான ஜன்னல்களைப் பின்னேரம் நாலு மணிக்கே இருளடைய வைத்திருந்தது. ஆனால் பட்டறைக்குள் ஈரம் கிடையாது. பெயின்ட் அடிக்கும் இடம் என்பதால், ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்தது. காரின் மற்றக் கண்ணாடிகள் எல்லாம் தெளிவாகவே இருந்தன.

கதவைத் திறந்து, பின் இருக்கைக்கு மேலாகக் கையை நீட்டித் துணியால் துடைத்தார். குறிப்பேட்டில் "பின்கண்ணாடி, சரி" என்று எழுதினார். முதுகு வலித்தது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது என்று கடவுச்சீட்டு சொன்னது. வாரத்தில் நாலு நாள் ஒரு கராஜில் நசுங்கிய கார்களுக்குத் தகர வேலை. மிச்ச நாட்களில் இது. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த மசில் கார்கள் மேல், நடுத்தர உடம்புக்குள் லொறி எஞ்சினைத் திணித்தது போன்ற அந்த வண்டிகள் மேல், சுவிஸ்காரர் சிலருக்கு ஒரு பைத்தியம். பழுதாகிக் கிடந்ததை எடுத்துப் புதுப்பித்துவிட்டு அவரைக் கூப்பிடுவார்கள். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறதா என்று அவர் சொல்லவேண்டும். அழகு இதில் கணக்கில் வராது. அன்றைக்கு ஒரு தொழிலாளி அவசரத்தில் பெயின்டை வழியவிட்டிருந்தால் அந்த வழிசலும் இருக்கவேண்டும். அதைத் திருத்தி வழவழப்பாக்கினால் புள்ளி குறையும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இலக்கங்கள். எஞ்சினில் குத்தியிருக்கும் இலக்கமும் உடம்பில் குத்தியிருக்கும் இலக்கமும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். செத்துப்போன காரின் இலக்கத்தை இன்னொரு காரில் குத்திக் கொண்டுவந்தவர்களை அவர் எத்தனையோ முறை பிடித்திருக்கிறார். பிடிக்கும்போதெல்லாம் சுற்றி நிற்பவர்கள் பாராட்டுவார்கள். அவர் மட்டும் குறிப்பேட்டை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"அங்கிள், டிக்கி இன்னும் பாக்கேல்லையோ?"

மிதுஷா கையைத் துடைத்தபடி வந்தாள். பட்டறை அவளுடையது. வில் என்ற சுவிஸ் ஊரில் பிறந்து வளர்ந்தவள், முப்பது வயதுகூட இல்லை. கையில் நல்ல வேலை இருந்தது. இந்தக் கரும்பச்சைக் காருக்கு இரண்டு வருடம் கொடுத்திருந்தாள்.

"அதைக் கடைசியாப் பாப்பன்."

"நீங்கள் எந்தக் காரிலயும் டிக்கியைக் கடைசியாத்தான் பாப்பீங்களாம். எல்லாரும் சொல்லுறவை." சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினாள். போன வருடம் அவள் ஆலோசனை கேட்டபோது அவர் எழுதிய பதிலை அச்சிட்டு அங்கே ஒட்டியிருந்தாள். "நீங்கள் எழுதினபடியேதான் செய்தனான். உள்ளதை உள்ளபடியே விடு எண்டு. ரப்பர்தான் புதுசு. மூடினால் ஒரு சொட்டுத் தண்ணியும் போகாது."

"ஆரின்ர கார் இது?"

"சோலோதுர்ன்ல ஒரு சுவிஸ் அம்மா, ஃப்ராவ் கெர்பர். மனிசன் மூண்டு வருசத்துக்கு முதல் காலமாயிட்டார். உங்களிட்ட ஒரு விசயம் கேக்கவேணும் அங்கிள். டிக்கிக்குள்ள, பின்சீட்டுக்குப் பின்னால இருக்கிற தட்டின்ர அடியில, ஆரோ ஆணியால கீறியிருக்கினம். தமிழ் எழுத்து மாதிரிக் கிடக்கு. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு வருசம்தான் போனனான், எனக்கு உது வாசிக்க வராது."

அவர் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனிசன் தொண்ணூறுகளில இத்தாலியால எங்கட ஆக்களை இதுக்குள்ள ஒளிச்சு வச்சுக் களவாக் கொண்டு வந்தவராம். கார்க் கண்காட்சிக்குப் போட்டு வாறன் எண்டால் போர்டர்ல ஒருத்தரும் டிக்கியைத் திறக்கச் சொல்ல மாட்டினமாம். கடைசித் தரம் ரெண்டு பேர். புகை உள்ள வந்து ஒருத்தர் வழியிலயே முடிஞ்சிட்டார். அதோட காரை மூடி வச்சிட்டார்."

"ம்."

"மிஞ்சின ஆளுக்குச் செத்தவரின்ர கடதாசியளை அவர்தான் எடுத்துக் குடுத்தவராம். அந்தப் பேரிலதான் அவர் இஞ்ச எங்கயோ இருக்கிறாராம். அந்த அம்மாவுக்கு இது பெரிய மனக்கஷ்டம். செத்தவரின்ர பேரைக் கண்டுபிடிச்சு வீட்டாருக்குச் சொல்லவேணும் எண்டு நிக்கிறா. நாலு ஐம்பது ரயிலில வாறா, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். அதுக்குள்ள நீங்கள் வாசிச்சு வையுங்கோ. பிறகு படம் எடுத்து அறிக்கையோட சேர்ப்பம்."

"ஓம் பிள்ளை. போட்டு வாங்கோ," என்றார். குரல் சாதாரணமாகவே வந்தது. முப்பது வருடப் பழக்கம்.

அவளுடைய வான் புறப்பட்ட சத்தம் மூடுபனிக்குள் அடங்கியதும் பட்டறையில் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. கொஞ்ச நேரத்தில் பின்னாலுள்ள பாதையால் சரக்கு ரயில் ஒன்று போனது. தண்டவாளம் பிரியும் இடத்தில் சில்லுகள் இடிக்க, மேசையில் கிடந்த சாவிகள் மெல்ல அதிர்ந்தன.

தவச்செல்வன் என்பது அவர் பெயரில்லை. தாய் தகப்பன் வைத்த பெயர் தயாநிதி. தவச்செல்வன் அந்த மற்றவன். மிலானில் ஓர் அறையில் ஒன்பது நாள் சேர்ந்திருந்தவன், நெஞ்சுச் சளிக்கு ஓயாமல் சித்தாலேப தைலம் பூசியவன், அகதித் தஞ்சம் கேட்பதற்கு, ஊரில் சிறையிலிருந்ததற்கு முத்திரை குத்திய கடிதம் வைத்திருந்தவன். தயாநிதியிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. டிக்கிக்குள் கதைக்கக் கூடாது என்று சாரதி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவன் மூன்று முறை தட்டினால், மற்றவன் இரண்டு முறை தட்டவேண்டும். இருக்கிறாயா? இருக்கிறேன்.

மலை ஏறும்போது புகை வந்தது. தலைமாட்டில், பின்சீட்டுத் தட்டின் தகரத்தில், ஒலிபெருக்கி பொருத்துவதற்கென்று விட்ட துளை ஒன்று தயாநிதியின் விரலுக்குப் பட்டது. மேலேயிருந்த அட்டையைக் கிழித்தான். உள்ளே சாரதி இருந்த பக்கத்துக் காற்று, சிகரெட் நாற்றத்தோடு, குளிராக வந்தது. துளைக்கு ஒரு வாய்தான் பொருந்தும். முதுகுக்குப் பின்னால் மூன்று முறை தட்டுக் கேட்டது. வாயை எடுத்தால் திரும்ப வைக்க முடியாமல் போகும் என்று பயந்தான். மறுபடியும் மூன்று. அவன் பதில் தட்டவில்லை. கடைசித் தட்டு எப்போது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

உடலைக் காட்டில் இறக்கினார்கள். அதன் பிறகு எல்லாம் அந்தப் பெயரிலேயே நடந்தது. முகாம், விசாரணை, வதிவிட அனுமதி, சிவகலாவோடு கலியாணம், இரண்டு பெடியன்கள், சிவப்புக் கடவுச்சீட்டு. செத்தவனுடைய தாய் ஊரிலிருந்து பதினொரு வருடம் எழுதினாள். நலமாக இருக்கிறேன் அம்மா என்று இவர் பதில் போட்டார். படம் மட்டும் அனுப்பவில்லை. மகன் உயிரோடிருக்கிறான் என்ற நினைப்போடேயே அவள் கண்ணை மூடினாள். அதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பின்கண்ணாடி மறுபடி மங்கியிருந்தது. அதே இடம், அதே அளவு. அது சுருங்கி, விரிந்து, சுருங்கியது.

களைத்துப்போனால் கண்ணுக்கு எதுவும் தெரியும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே களைப்புத்தான். அடுத்தவன் பெயரைத் தூக்கிச் சுமக்கிற களைப்பு நித்திரையால் போகிறதில்லை.

டிக்கியின் பூட்டில் சாவியைத் திருப்பினார். மூடி தன் பாட்டில் எழுந்து நின்றது. புது ரப்பரின் மணம், புள்ளி புள்ளியாகத் தூவிய சாம்பல் பெயின்டின் மணம், விரிப்பின் பசை மணம் எல்லாம் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் சரி. அவற்றுக்கு அடியில், தாமதமாக, சித்தாலேப மணமும் வந்தது.

இந்தக் காரின் வெளிப்பக்கத்தை அவர் இன்றைக்குத்தான் முதல் தரம் பார்த்திருக்கிறார். அன்றைக்கு இருட்டில் ஏற்றினார்கள், இருட்டில் இறக்கினார்கள். ஆனால் உட்பக்கத்தை அவருடைய தோள் அறிந்திருந்தது, முழங்கால் அறிந்திருந்தது.

கம்பி நுனியில் பொருத்திய சிறிய கண்ணாடியைத் தட்டுக்கு அடியில் நீட்டி, டோர்ச்சை அடித்தார். துளை தெரிந்தது. அதன் பக்கத்தில் எழுத்துகள், கண்ணாடியில் இடம் வலமாக. தவம். அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவருடைய தொழில் கண் மற்றதையும் பார்த்தது. முப்பது வருடக் கீறல் என்றால் துரு ஏறிக் கறுத்திருக்கும். இவை பளபளத்தன. கீழே புது விரிப்பின் மேல், நேராக அந்த இடத்துக்கு அடியில், இரும்புத் தூள் மெல்லியதாகச் சிந்தியிருந்தது.

நாலு நாற்பத்தொன்று.

குறிப்பேட்டை எடுத்து எழுதினார். "தட்டின் அடியில் கீறல். தொழிற்சாலைக்குப் பின் வந்த சேதம். நீக்கப்படவேண்டும்." ஒரு சொல்லும் பொய்யில்லை. விதிப்படி சரியான தீர்ப்பு. எழுதிவிட்டு மேசையிலிருந்து உப்புத்தாள் துண்டு ஒன்றை எடுத்தார். மதிப்பிட வந்த காரில் கருவி வைப்பதில்லை என்பது அவருடைய வழக்கம். இருபத்துமூன்று வருடத்தில் ஒரு முறைகூட அதை மீறியதில்லை.

வெளியில் நின்றபடி கை எட்டவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தார். மற்றக் காலையும் வைத்தார். பக்கவாட்டில் படுத்து, முழங்காலை நெஞ்சோடு மடித்தார். உடம்பு யோசிக்காமலே அந்தப் பழைய வளைவுக்குள் போய் அமர்ந்துகொண்டது.

தேய்த்தார். முதல் எழுத்து மங்கியது. தூள் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். மன்னிச்சுக்கொள் என்று வாய் முணுமுணுத்தது. கை நிற்கவில்லை.

டக். டக். டக்.

ரயில். சில்லு இடிக்கும் சத்தம்.

ஆனால் மேசையில் சாவிகள் அதிரும் சத்தம் இல்லை.

டக். டக். டக்.

முதுகுக்குப் பின்னால். மிகக் கிட்ட. விரல் மொளியால் தகரத்தில்.

தேய்த்தார். இரண்டாவது எழுத்து. சிவகலா. பெடியன்கள். அவர்களுடைய பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தப் பெயர். இன்னும் ஓர் எழுத்துத்தான்.

டக். டக். டக்.

அவர் பதில் தட்டவில்லை.

மூடி இறங்கியது. வேகமில்லாமல், பொறுமையாக, நன்றாக எண்ணெய் போட்ட மூடி இறங்குவதுபோல. புது ரப்பர் சுற்றிவர அமர்ந்தது. பூட்டு விழுந்தது. இயந்திரத்தின் இரைச்சல் நின்றுபோனது. டோர்ச்சும் அணைந்தது.

இருட்டு. சித்தாலேப. அதற்குள் மெல்லமாக, புகை.

கத்த நினைத்தார். இருமல்தான் வந்தது. மூடியை முழங்காலால் உதைத்தார். அசையவில்லை. ஒரு சொட்டும் போகாத ரப்பர்.

துளை. துளை இருக்கிறது. தலைமாட்டில்.

விரலால் தடவினார். தகரத்தின் விளிம்பு. அந்த வட்டம். அன்றைக்குத் தான் கிழித்த அட்டையின் பிசிறு, உள்ளபடியே. தலையை உயர்த்தி, வாயைத் திறந்து, துளையோடு சேர்த்து அழுத்தினார்.

காற்று இல்லை.

ஈரமாக ஏதோ. மென்மையாக. குளிர்ந்து. இரண்டு உதடுகள். மறுபக்கத்திலிருந்து, துளையை முழுதாக நிறைத்து. மெல்ல இழுத்தன. மெல்ல விட்டன.

வாயைப் பின்னுக்கு இழுத்தார். கையை மடக்கி, தட்டின் அடியில் தட்டினார். மூன்று முறை.

பதில் இல்லை.

மறுபடி மூன்று. மறுபடி.

எங்கோ தூரத்தில் வான் வந்து நின்றது. பட்டறைக் கதவு. இரண்டு பேரின் காலடி. மிதுஷாவின் குரல், நீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல.

"தவச்செல்வன் அங்கிள், எங்க நிக்கிறீங்கள்?"

தட்டினார். கையில் பலமில்லை. தட்டினார்.

துளையிலிருந்த உதடுகள் விலகின. அந்தச் சிறிய வட்டத்தில் ஒரு கணம் பட்டறையின் வெளிச்சம் தெரிந்தது.

"ஓம் பிள்ளை," என்றது துளைக்கு மேலேயிருந்து, அவர் வாய் திறக்காமலே, அவருடைய குரல். "இஞ்சதான் இருக்கிறன்."

பிறகு உதடுகள் திரும்பி வந்து துளையை மூடிக்கொண்டன.