வருதா தாயி?

1958 ஐப்பசியில் நானும் அம்மாவும் மலைமேல் அட்டுவம்பட்டிப் பக்கம் இருந்த அந்தப் பழைய பங்களாவுக்கு வந்து சேர்ந்தோம். வத்தலக்குண்டில் ஏறிய பஸ் எங்களை மழையில் இறக்கிவிட்டுப் போனது. அம்மா சூசையம்மாளுக்கு அங்கே சமையல் வேலை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனாலேயே எட்டாவதோடு நின்று, அம்மாவுக்குக் கூடமாட உதவ வந்தேன்.

வெள்ளைக்காரர் காலத்துச் சமையலறை. ஜன்னலோரம் ஒரு கல் சிங்க். அதன் குழாய் சுவருக்குள் வளைந்து போய்ப் பின்பக்கச் சாக்கடையில் திறக்கும். கொழுப்பும் சாம்பலும் சேர்ந்து அடிக்கடி அடைத்துக்கொள்ளும்.

அடைப்பெடுக்க சோலையம்மாள் வருவாள். வெளியே குந்தி, நீண்ட மூங்கில் பிளாச்சைக் குழாய்க்குள் செலுத்துவாள். நுனி சிங்க்கில் தலைகாட்டியதும், உள்ளே இருப்பவர் "வந்துருச்சு" என்று குரல் கொடுத்து, அதில் சாக்குத் துணியைக் கட்ட வேண்டும். அவள் இழுத்தால் அழுக்கெல்லாம் துணியோடு போய்விடும்.

அவள் உள்ளே வருவதில்லை. நாங்கள் தினமும் ஜெபமாலை சொல்கிறவர்கள். ஆனாலும் அவளை ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம். வெளியே சாரல். பக்கத்து அறையில் முதலாளியின் விருந்தாளிகள், எல்லாம் ஆண்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பரிமாறப் போயிருந்தாள். சிங்க்கின் பக்கத்தில் நான்.

"வருதா தாயி?" குழாய்க்குள்ளிருந்து சோலையம்மாளின் குரல்.

நுனி வந்தது. வாயைத் திறந்தேன். பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். துணியை எடுப்பதற்குள் நுனி உள்ளே போய்விட்டது.

"வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்லு தாயி, குளுரு எலும்பத் திங்குது."

அம்மா எச்சில் தட்டுகளோடு வந்தாள். "இன்னுமா வரல?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா ஜன்னல் வழியே கத்தினாள். "ஏ சோலை, காலையில கஞ்சி குடிக்கலையா? வெரசா குத்து. பாத்திரம் மலையாக் கெடக்கு!"

"குத்திக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா. எங்க முட்டுதுன்னு தெரியலையே."

எங்கேயும் முட்டவில்லை. பொய் சொன்ன பிறகு எப்படி மாற்றுவது? அதன்பின் நுனி வந்தபோதெல்லாம் ஒரு விரலால் அதை உள்ளே தள்ளினேன்.

எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும். எழுதக் கை கூசுகிறது.

இருட்டும்வரை நனைந்தாள். "நாளைக்கு வெள்ளனே வாரேன்" என்று போனவள் வரவில்லை. குளிர்காய்ச்சல். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தாள்.

"நல்ல கைக்காரி. அன்னைக்கு எப்படித் தோத்தாளோ" என்றாள் அம்மா. நான் பாத்திரம் துலக்கினேன். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது.

மார்கழி பிறந்த அன்று அதுவும் நின்றது.

சாயங்காலம் நாலு மணிக்கே மூடுபனி ஜன்னலை அடைத்திருந்தது. அம்மா சோடா உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள். அது சிங்க்கின் விளிம்புவரை ஏறி அசையாமல் நின்றது. ஈரச் சாக்கின் வாடை.

சுவருக்குள் ஏதோ உரசியது.

நின்றது. மறுபடி உரசியது. இன்னும் பக்கத்தில்.

அம்மா பின்கதவைத் திறந்து பார்த்தாள். "வெளிய ஒருத்தரும் இல்லடி."

சாம்பல் நிறத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மூங்கில் நுனி மேலே வந்தது.

"வருதா தாயி?"

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. "யாருடி அது? ஜோசப்பின், யாரு?"

நுனி போகவில்லை. காத்திருந்தது. பேசாமல் இருந்தால் அம்மாவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. என் விரல் தானாக அதை நோக்கி நீண்டது.

இழுத்துக்கொண்டேன்.

"வந்துருச்சு!" என்று கத்தினேன். எனக்கே தெரியாத குரல். "அன்னைக்கும் வந்துச்சும்மா. நாந்தான் சொல்லல. நாந்தான் உள்ள தள்ளுனேன்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அது அடியைவிட வலித்தது.

நுனியில் சாக்குத் துணியைக் கட்டினேன். வெளியிலிருந்து யாரோ இழுத்தார்கள். தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் இறங்கியது.

பின்பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. சாக்கடையோரமாக வந்து வாசற்படியில் தயங்கி நின்றது.

அம்மா வெறும் பனியைப் பார்த்தாள்.

"உள்ள வா சோலை" என்றாள்.

ஈரமான காலடிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. அடுப்பருகே வந்து நின்றன. அங்கே, ஒரு ஆள் குந்துகிற அளவுக்குத் தரை நனைந்தது.

அம்மா அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

மார்கழி போய்ச் சித்திரை வந்துவிட்டது. அடுப்பு தினமும் எரிகிறது. அந்த இடம் மட்டும் இன்னும் காயவில்லை.