பொட்டுவின் விரதம்

ஆடிக் கிருத்திகை அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். சாயங்காலம் பூஜை முடிந்த பிறகுதான் அடுப்பே எரியும். எங்கள் நாய்க்குட்டி பொட்டுவையும் விரதத்தில் சேர்த்தது நான்தான். "நீயும் முருகர் பக்தன்தானே?" என்று காலையிலேயே அதன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எனக்கு அறிவே இல்லை!

பொட்டு என் இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும். அப்போது பிறந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. வளர்ந்தாலும் இரண்டு கிலோ தாண்டாத ஜாதி அது.

மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தால், வீட்டில் நாங்கள் சேலை நெய்யும் தறிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டேன். எழுந்து தள்ளாடி, பொத்தென்று விழுந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"நைனா! பொட்டுவுக்கு என்னமோ ஆவுது!"

காவடிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த அப்பா ஓடி வந்தார். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் சேட்டு மாமாவைக் கூப்பிட்டோம்.

"ரோடு ஃபுல்லா காவடிங்கம்மா. ஆட்டோவே வுட மாட்றாங்க. எப்டிப் போறது?" என்று கையை விரித்தார் மாமா.

பொட்டுவை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அதன் காது ஜில்லென்று இருந்தது. தெருவில் "அரோகரா" சத்தம் காதைப் பிளந்தது. முருகர் மேல்கூடக் கோபம் வந்தது. ஆனால் கிண்ணத்தைக் கவிழ்த்தது முருகரா? நான்தானே!

"அழுவாத மோனி. போய் மூஞ்சி கழுவிக்கினு வா" என்றார் அம்மா.

எழுந்தேன். கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் துண்ணல இல்ல, அதான்" என்றார் அம்மா.

எனக்கே இப்படி என்றால், இந்தத் துளியூண்டு வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

பூஜைத் தட்டில் இருந்த வெல்லத்தை எடுத்தேன்.

"அடியே! சாமிக்கு இன்னும் படைக்கலடி!"

"சாமி காத்துகினு இருக்கும்மா. பொட்டு இருக்காது!"

வெல்லத்தைத் தண்ணீரில் குழைத்தேன். வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். அதனால் விரலில் தொட்டு ஈறில் தடவினேன். மறுபடியும் தடவினேன். பொட்டு அசையவே இல்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வுட்டுடு கண்ணு" என்றார் நைனா.

நான் விடவில்லை. அவர் துண்டில் பொட்டுவைச் சுற்றிக்கொண்டு, அழுதுகொண்டே தடவினேன்.

ரொம்ப நேரம் கழித்து என் விரலில் ஈரமாக ஏதோ பட்டது. பொட்டுவின் நாக்கு!

"நக்குது! நைனா, நக்குது!"

அம்மா விருட்டென்று எழுந்து உள்ளே போனார். இன்றைக்கு எனக்குச் செம திட்டு என்று நினைத்தேன். அடுப்பு பற்றவைக்கும் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் டாக்டர் சொன்னார்: "இத்தனூண்டு குட்டிங்க பட்டினி தாங்காது. சர்க்கரை கொறைஞ்சி மயக்கம் போட்டுடும். மூணு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க."

அடுத்த மாதக் கிருத்திகை விரதமும் வந்தது. நாங்கள் மூன்று பேரும் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, பொட்டு நான்காவது முறையாகச் சாப்பிட்டுவிட்டு, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது.